உயிரியல் துறைக்குப் போக எந்தப் பட்டப்படிப்பு?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் நீட் முடிவும் வந்த பிறகு, மருத்துவ இடம் கிடைக்காது என்று தெரிந்தும் உயிரியலை விட மனமில்லாத பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வருகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பி.எஸ்சி.யில் பயோடெக்னாலஜி எடுப்பதா, மைக்ரோபயாலஜி எடுப்பதா, பயோகெமிஸ்ட்ரி எடுப்பதா, அல்லது பாட்டனி, சுவாலஜியே போதுமா? எது புதிய பாடம், எதற்கு மவுசு அதிகம் என்று பார்த்து முடிவெடுப்பதே இங்கு வழக்கமாக இருக்கிறது. நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு: ஆராய்ச்சிக்குப் போக விருப்பமா, அரசுப் பணிக்கா, தொழிற்சாலைக்கா? ஏனெனில் ஆராய்ச்சியில் பட்டத்தின் பெயரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அரசுப் பணியிலோ அந்தப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இந்திய வனப் பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். பொறியியல், வேளாண்மை, வனவியல் பட்டதாரிகளைத் தவிர மற்றவர்கள், கால்நடைப் பராமரிப்பு மற்றும் கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். பயோடெக்னாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் அந்தப் பட்டியலில் இல்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு நிலைமை அப்படியே தலைகீழ்: அங்கே பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி பட்டங்கள் தகுதியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன, தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் இடமில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் பணி என்றால் தாவரவியல், விலங்கியல் படித்தவர்களுக்குப் பாதை நேராக இருக்கிறது. பெயர் சற்று மாறுபட்ட பட்டம் பெற்றவர்கள் தங்கள் பட்டம் கேட்கப்பட்ட பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலைவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே காட்டில் வேலை பார்க்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்து ஆசைப்படும் ஒரு பெண்ணை, பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக பி.எஸ்சி. பயோடெக்னாலஜியில் சேர்த்துவிடாதீர்கள். மனத்தில் இருக்கும் பணிக்கான கடைசி அறிவிக்கையை இணையத்தில் எடுத்து, கல்வித் தகுதி என்ற பத்தியைக் குடும்பத்தோடு ஒரு முறை படித்துவிட்டு அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் இந்தக் கெடுபிடி இல்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த ஜி. என். ராமச்சந்திரன்தான் 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை முன்வைத்தார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் முனைவர் பட்டம் வரை இயற்பியல் படித்துவிட்டு, அதன் பிறகு கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராக அமர்ந்து உயிரியல் கற்றார். 2009-இல், செல்லுக்குள் புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எம். எஸ். சுவாமிநாதனின் முதல் பட்டம் விலங்கியலில். அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தார். இன்றும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளைத் தாவரவியல் படித்தவரும் எழுதுகிறார், பயோடெக்னாலஜி படித்தவரும் எழுதுகிறார். இருவருக்கும் ஒரே வினாத்தாள்தான்.

அங்கே தடுக்கி விழச் செய்வது பட்டத்தின் பெயரல்ல, வேதியியலிலும் கணிதத்திலும் இருக்கும் பலவீனம். எங்கள் ஆய்வகத்துக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் முதுகலை மாணவர்களிடம் நான் முதல் நாளே ஒரு சிறிய வேலை கொடுப்பேன்: டிரிஸ் என்ற வேதிப்பொருளின் ஒரு மோலார் செறிவுள்ள கரைசல் இருக்கிறது, அதிலிருந்து பத்து மில்லிமோலார் கரைசல் நூறு மில்லிலிட்டர் தயாரியுங்கள். ஒரு மோலார் என்பது ஆயிரம் மில்லிமோலார், ஆகவே நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் போதும்: ஒரு மில்லிலிட்டரை எடுத்துத் தண்ணீரால் நூறு மில்லிலிட்டருக்கு நிரப்பினால் முடிந்தது. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையைப் பற்றி அரை மணி நேரம் அழகாகப் பேசக்கூடியவர்கள் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். அறிவில் குறையில்லை, பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவை எடுத்த நாளிலிருந்து எண்களோடு உறவே இல்லாமல் போனதுதான் காரணம். நீட் தேர்வில் கணிதம் கிடையாது என்பதால் அந்தப் பிரிவு சுமை குறைந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலிருந்தும் சம எண்ணிக்கையில் கேள்விகள் வருகின்றன. எம்.எஸ்சி. சேர்க்கைக்காக ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளிலும் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் இடம் உண்டு. பொறியியல் கலந்தாய்வு வழியாக பி.டெக். பயோடெக்னாலஜி சேர வேண்டுமானாலும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். அந்த பி.டெக். படிப்பே நொதிகலன் (நுண்ணுயிர்களைப் பெருமளவில் வளர்க்கும் கலன்), உற்பத்தி அளவு, வெப்பப் பரிமாற்றம் என்று பொறியியலோடு கலந்தது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதில் மட்டும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது அயர்ச்சியைத் தரும்.

எந்தப் பாடம் என்று வற்புறுத்திக் கேட்டால், ஆராய்ச்சியை நினைப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை பயோகெமிஸ்ட்ரி, அல்லது வேதியியலைத் துணைப்பாடமாகக் கொண்ட தாவரவியலோ விலங்கியலோதான். தாவரவியல் பழைய பாடம், எதிர்காலம் இல்லாதது என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்த ஜானகி அம்மாள் கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த அளவுக்கு ஆழமான வேலைக்கு அந்தப் பாடம் அடித்தளம் கொடுத்திருக்கிறது. ஒரு செடியைக் கையில் கொடுத்தால் பூவைப் பிரித்துப் பார்த்து அது எந்தக் குடும்பம் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று அரிதாகி வருகிறார்கள். பல்லுயிர் ஆய்வுகளில் அவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. மைக்ரோபயாலஜியை உணவு, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நேரடியாக வேலைக்குச் சேர விரும்புபவர்களுக்குச் சொல்வேன். பயோடெக்னாலஜி முழுக்க முழுக்கக் கல்லூரியைப் பொறுத்தது. நல்ல ஆய்வகம் உள்ள இடத்தில் அது சிறந்த படிப்பு. இல்லாத இடத்தில் மூன்று ஆண்டுகள் டி.என்.ஏ.வைப் படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு வெளியே வர நேரும்.

அதனால் சேருவதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போய், ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். அதில் உள்ள முடிவுகள் எல்லா நோட்டிலும் ஒரே எண்களாக இருந்தால், சோதனை ஒருவரால் செய்யப்பட்டு மற்றவர்களால் எழுதப்பட்டது என்று பொருள். டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். கருவியைக் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், அதில் உங்கள் கை பட்டதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அந்தக் கட்டணத்தைக் கட்டப்போவது நீங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உயிரியலில் பி.எஸ்சி. மட்டும் முடித்தவர்களில் பலர் மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை) போன்ற பணிகளுக்குப் போகிறார்கள். அது கௌரவமான வேலைதான் என்றாலும், ஆய்வகத்தை நினைத்துப் படிக்க வந்தவர்களுக்கு அது போதாது. ஆய்வகத்துக்குள் நிலையாக நிற்க முதுகலைப் பட்டமும் வேண்டும். நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் இடம் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வீட்டுச் செலவில் படித்தாக வேண்டும். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்து, மிச்சப்படும் பணத்தை எம்.எஸ்சி.க்கு ஒதுக்கி வைப்பது, கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பெயர் பெரிதான பட்டம் வாங்குவதைவிடப் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது என்பதே என் கருத்து.