ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றில் வரதர் தரிசனம்

காஞ்சிபுரம் போகிறவர்கள் வரதராஜப் பெருமாளைச் சேவித்து, அப்படியே காமாட்சி, ஏகாம்பரநாதர் என்று ஒரு சுற்று சுற்றி, பட்டுப்புடவையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2019-ல் அத்திவரதருக்கு 48 நாளும் அலைமோதிய கூட்டத்தில், ஐயங்கார்குளம் வரை வந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருக்கும். செவிலிமேடு வழியாகப் பாலாற்றைத் தாண்டிப் போனால் சஞ்சீவிராயர் என்கிற ஆஞ்சநேயர் கோவில், பக்கத்தில் ஏரி மாதிரி விரிந்த தாதசமுத்திரம் என்ற குளம், அப்புறம் படியில் நடந்தே இறங்கிப் போகிற இந்த நடவாவிக் கிணறு. எல்லாம் விஜயநகர காலத்தில் லக்ஷ்மிகுமார தாததேசிகன் என்ற வைணவ ஆசாரியர் செய்த கைங்கர்யம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கல் தோரணவாயில், கீழே இறங்கும் படிகள், அவ்வளவுதான். சாதாரண நாளில் பாதிப் படியிலேயே தண்ணீர் நிற்கும், உள்ளே ஒரு மண்டபம் இருக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாது. சித்ரா பௌர்ணமியன்று வரதர் இங்கே எழுந்தருள்வதால், அதற்கு முன்னால் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிடுகிறார்கள். அப்போது இறங்கிப் போனால் பூமிக்கு அடியில் முழுசாக ஒரு தூண் மண்டபம், அதற்கு நடுவில் கிணறு, மேலே திறந்த வானம். தூண்களில் பெருமாள் திருவுருவங்கள், பாசியும் சேறும் முழுதாகப் போகாமல் கால் வழுக்கும், ஈர வாசனை மூக்கில் ஏறும். வெளியே சித்திரை வெயில் கொளுத்திய அன்றைக்கும் அந்தக் கல் தொட்டால் சில்லென்றிருந்தது.

வரதர் காஞ்சியிலிருந்து கிளம்பி, செவிலிமேடு, தூசி என்று வழியில் உள்ள ஊர்களிலெல்லாம் மண்டபங்களில் தங்கி, மண்டகப்படி உபசாரம் கண்டருளி வருகிறார், அதனால் சொன்ன நேரத்துக்கு வருவார் என்று கணக்குப் போடாதீர்கள். சஞ்சீவிராயர் கோவிலில் இருந்துவிட்டு இங்கே எழுந்தருளும்போது ஊரே படியில் நிற்கிறது. அந்தப் படியில் பெருமாளைத் தோளில் சுமந்து இறங்குவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கியது, பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள் என்னவோ அலட்டிக்கொள்ளவே இல்லை. கீழே போய்க் கிணற்றைச் சுற்றி வலம் வருகிறார், ஒவ்வொரு பக்கமும் தீபாராதனை. கோவில் கருவறையில் பத்து நொடி கண்ணில் பட்டு மறைகிற வரதரை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் சேவிக்கலாம். வெயில் காலத்தில் பெருமாள் குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்று பூமியைத் தோண்டியே ஒரு வசந்த மண்டபம் கட்டியிருக்கிறார்களே, அந்தப் பிரியம்தான் என்னை அசத்தியது.

அதன்பிறகு பெருமாள் பாலாற்றுக்குப் போகிறார். கூட்டமும் பின்னாலேயே போய்விடும், அப்போது இன்னொரு முறை இறங்கித் தூண்களை நிதானமாகப் பாருங்கள். வயசானவர்களை அழைத்துப் போனால் கைப்பிடித்து இறக்குங்கள், டார்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். விழா முடிந்து கொஞ்ச நாளில் ஊற்று மறுபடி ஏறி மண்டபம் மூழ்கிவிடும், அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டியதுதான்.