சாயநீரும் பங்குனி வெயிலும்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 16

சாயநீரிலுள்ள சாயத்தை வெயிலைக் கொண்டு சிதைக்கும் சோதனையை, மெத்திலீன் புளூ என்னும் நீலச் சாயத்திலிருந்து தொடங்கினேன். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் கரைத்த சாயநீரில் 100 மில்லிலிட்டர் எடுத்து, வெயில் பட்டால் சாயத்தைச் சிதைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை 50 மில்லிகிராம் தூவி, அரைமணி நேரம் இருட்டில் கலக்கிய பிறகே மொட்டைமாடிக்குக் கொண்டுசென்றேன். இருட்டில் கலக்காமல் நேரே வெயிலில் வைத்தால், பொடியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்ட சாயமும் சிதைந்துபோன சாயமாகக் கணக்கில் ஏறிவிடும். சென்ற ஆண்டு அப்படி ஏறிய கணக்கைப் பார்த்து நான் ஒரு வாரம் பூரித்திருந்தேன். நண்பகல் வெயிலில் ஒன்றரை மணி நேரத்தில் நீலம் மறைந்தது.

மார்ச் 17

வெயிலில் இந்தப் பொடிக்குப் பயன்படும் பங்கு மிகச் சிறியது. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது அதிலுள்ள எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்தான் எலக்ட்ரானைக் கிளப்பி அது இருந்த இடத்தில் ஒரு துளையை விட்டுச்செல்ல முடியும். துளை நீரிலிருந்து, சாயத்தைத் தாக்கி உடைக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்க, எலக்ட்ரானை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏற்றுக்கொள்கிறது. தரையை எட்டும் சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் சுமார் 5 விழுக்காடுதான்.

மார்ச் 21

திருப்பூரில் தெரிந்தவர் ஒருவரின் சாயப்பட்டறையிலிருந்து, சுத்திகரிப்புக்குப் போகும் முன் பிடித்த கழிவுநீர் ஒரு கேன் வந்தது. நொய்யல் ஆற்றில் சாயநீர் கலந்த வழக்கில் 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் அங்கே பட்டறையைத் திறக்க முடியும் என்றானது. அதற்கான சவ்வு வடிப்பும் ஆவியாக்கமும் செலவு மிக்கவை. அவற்றுக்கு முன்பே வெயிலைக் கொண்டு சாயத்தை ஒழிக்க முடியுமா என்பதே என் கேள்வி.

முதல் நாள் விடை, முடியாது என்பதுதான். மூன்று மணி நேரம் கழித்தும் நீர் மை போலவே இருந்தது. அடர்நிறத் தண்ணீருக்குள் ஒளி சில மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்த காரணம். பருத்திக்கான ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் சுமை கொண்டவை, பி.எச். 10ஐத் தாண்டிய காரநீரில் பொடியின் மேற்பரப்பும் எதிர்மின் சுமை ஏற்றுச் சாயத்தைத் தள்ளிவிடுகிறது. போதாக்குறைக்கு, சாயம் துணியில் ஏறுவதற்காக அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடும் உப்பும், அதனுடன் சேரும் சோடாவும் (சோடியம் கார்பனேட்) ஹைட்ராக்சில் தனி உறுப்புகளைச் சாயத்துக்கு முன்பே பிடித்துத் தின்றுவிடுகின்றன. மெத்திலீன் புளூ நேர்மின் சுமை கொண்டது, நான் கரைத்ததோ உப்பில்லாத வடிநீர். அந்தச் சோதனை எளிதாக முடிந்ததில் வியப்பில்லை.

மார்ச் 24

பத்து மடங்கு நீர்த்து, கந்தக அமிலம் விட்டு பி.எச். 4க்கு இறக்கினேன். கார்பனேட் நுரைத்து வெளியேறியது. உப்பிலுள்ள குளோரைடு அப்படியே நின்றது, அதன் குறுக்கீடு அமிலநிலையில் இன்னும் கூடும். நான்கு மணி நேரத்தில் நிறம் மங்கி வெளிர்மஞ்சளானது. உடனிருந்த மாணவர் கைதட்டினார்.

நீரில் எஞ்சிய கரிமப்பொருளின் அளவைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவையை அளந்தபோது கைதட்டலுக்கு இடமில்லாமல் போனது: பாதிகூடக் குறையவில்லை. ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. அசோ சாயத்தில் முதலில் உடைவது இரு நைட்ரஜன்களுக்கு இடையிலான பிணைப்பு. அது உடைந்தாலே நிறம் போய்விடும், ஆனால் பென்சீன், நாப்தலீன் வளையங்கள் நீரிலேயே தங்கும். இந்த அளவீட்டிலும் குளோரைடு புகுந்து எண்ணை உயர்த்திக் காட்டும் என்பதால், குளோரைடைக் கட்டிப்போடும் பாதரச சல்பேட்டைக் கூட்டி மறுபடியும் அளந்தேன். எண் சற்று இறங்கியது, முடிவு மாறவில்லை. நிறத்தை மட்டும் அளந்து "99 விழுக்காடு நீக்கம்" என்று எழுதும் கட்டுரைகள்மீது எனக்கிருந்த ஐயம் வலுத்துவிட்டது.

மார்ச் 27

பொடியை மீட்பது தனித் தொல்லை. இரவு முழுதும் வைத்தும் நீர் பால் போலவே நிற்கிறது. சென்ட்ரிபியூஜில் சுழற்றினால்தான் தெளிகிறது, பட்டறை அளவுக்கு அது ஒவ்வாது. கண்ணாடித் தகட்டில் பொடியைப் பூசி 450 டிகிரி செல்சியஸில் சுட்டிருக்கிறேன். நீரைத் தொடும் பரப்பு குறைவதால் வேகமும் குறையும். நாளை அதே கழிவுநீரைத் தகட்டின்மேல் மெல்லிய படலமாக ஓடவிட்டு, நிறத்தையும் ஆக்சிஜன் தேவையையும் மணிக்கொரு முறை அளக்க வேண்டும்.