மலையேறும் ஜீப்பும் கம்பத்துக் கடைவீதியும்

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதும் என் பிழைப்பு. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, உரக்கடை, செல்போன் கடை என்று முப்பது முப்பத்தைந்து பேருடைய மாத விற்பனை என் மேசைக்கு வந்து போவதால், ஊரில் வியாபாரம் எப்படி என்று யாராவது கேட்டால் என் மனம் முதலில் ஏலக்காய் விலையைத்தான் தேடும். கம்பத்தில் ஏலக்காய் விளைவதில்லை. அது விளைவது மேற்கே சுவர்போல நிற்கும் மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். ஆனாலும், மேலே விலை ஏறினால் இரண்டு மாதத்திற்குள் கீழே பட்டுப்புடவை விற்கும், விலை இறங்கினால் அடகுக்கடை வாசலில் செருப்புகள் பெருகும் என்பதைப் பல ஆண்டுகளாகப் பேரேட்டிலேயே பார்த்து வந்திருக்கிறேன். அந்தக் கணக்கு அண்மைக் காலமாகத் தப்புகிறது. ஏன் தப்புகிறது என்று எனக்குத் தோன்றுவதை எழுதி வைக்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்குக்குச் சோறு போடுவது பெரியாற்றுத் தண்ணீர். 1895 இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தபின் மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பியது. இன்றும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் அதை நம்பித்தான் நடக்கிறது. கல்தூண் பந்தல்களில் ஆண்டு முழுவதும் காய்க்கும் பன்னீர் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாம்பழம் சந்தைக்கு வந்துவிட்டால் திராட்சையைக் கேட்க ஆளில்லை என்ற நிலையை அந்தக் குறியீடு மாற்றிவிடவில்லை என்பது வேறு கதை. நெல்லும் திராட்சையும் ஊரை உயிரோடு வைத்திருக்கின்றன. ஆனால் கடைவீதியில் நோட்டுப் புரள்வது பெரும்பாலும் மலைக் காசு.

1956 இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. எல்லைக்கோடு மலை விளிம்பில் விழுந்ததே தவிர, தோட்டத்திற்கும் ஊருக்கும் இடையே இருந்த போக்குவரத்து அறுபடவில்லை. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் ஆட்கள் காலையில் ஏறி மாலையில் இறங்கினார்கள். காயும் அப்படித்தான் இறங்கியது. இன்றும் மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் இரண்டு இடங்களில் மட்டுமே நடக்கிறது. ஒன்று மலைமேல் புற்றடியில், மற்றொன்று கீழே போடிநாயக்கனூரில். 1928 இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததற்கே மலைச் சரக்குதான் காரணம். அகலப்பாதைக்காக 2010 டிசம்பர் முடிவில் நிறுத்தப்பட்ட அந்த ரயில், 2023 ஜூன் மாதம்தான் போடிக்குத் திரும்பி வந்தது.

ஏலத்தோட்ட வேலை என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, அட்டைக்கடிக்குப் புகையிலையோ உப்போ முடிந்த சிறு துணி, இடுப்பில் கட்டிக்கொள்ள உரச்சாக்கு. இவற்றோடு பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிக்கொள்வார்கள். மேலே போனதும் ஈரத்தரையில் குனிந்து, செடியின் தூரிலிருந்து மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் உலர்ந்தபின் எடை நிற்காது. ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் தேவை. ஒரு சுற்று எடுத்து முடித்து நாற்பது நாளில் அதே செடிக்குத் திரும்பி வருவார்கள். ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கும் காய் எடுப்பு தை மாதம் வரை ஓடும்.

கூலி வித்தியாசம் தெரியாமல் இந்த ஏற்றம் புரியாது. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரப்படி 2021-22 இல் கிராமப்புற ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 726 ரூபாய். தமிழ்நாட்டில் 445 ரூபாய். ஏலத்தோட்டத்தில் பெண்களுக்கு அந்த 726 கிடைத்துவிடவில்லை என்பதை இங்குள்ள எவரும் சொல்வார்கள். இருந்தாலும் கீழே களையெடுப்பதைவிட மேலே காய் எடுப்பது லாபம்; அதற்காகத்தான் ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரத்தை ஜீப்பிலேயே தொலைத்தார்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் செலவு. என் வாடிக்கையாளர்களின் பேரேட்டில் ஞாயிறு விற்பனை தனியாகத் துருத்திக்கொண்டு நின்றதன் காரணம் அதுதான்.

விலையின் ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்திற்குப் பிறகு செடிகள் அழுகின. அடுத்த கோடையில் மழை பொய்த்தது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ உச்ச விலையாக 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டில் என் தாய்மாமன் மூன்று ஏக்கர் தோட்டத்தைப் பாட்டத்திற்கு எடுத்தார். இந்தப் பக்கத்தில் குத்தகைக்கு அதுதான் பெயர். விலை உச்சத்தில் இருந்தபோது பேசிய பாட்டத் தொகை, மருந்துக்கும் உரத்திற்கும் வட்டிக்கு வாங்கிய பணம் எல்லாம் அந்த 7,000 ரூபாயை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. 2020 இல் ஊரடங்கில் குமுளிச் சோதனைச்சாவடி அடைபட்டு ஜீப்புகள் நின்றன. 2022 இல் சராசரி விலை ஆயிரத்திற்கும் கீழே போனது. மாமா வீட்டில் இப்போது அந்தத் தோட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அத்தையின் கழுத்தில் தாலிக்கயிறு மட்டும் இருக்கிறது.

இனி, கணக்கு தப்பிய இடத்திற்கு வருகிறேன். 2024 கோடையில் கடும் வெயிலில் இடுக்கியில் செடிகள் கருகி, விளைச்சல் குறைந்து, விலை மீண்டும் 2,000 ரூபாயைத் தாண்டி ஏறியது. பழைய வழக்கப்படி அந்தத் தீபாவளிக்குக் கம்பத்தில் ஜவுளி பறந்திருக்க வேண்டும். என் மேசைக்கு வந்த பில்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. விளைச்சல் குறைந்தால் எடுப்புக்கூலியும் குறையும் என்பது ஒரு காரணம். செல்போனிலேயே துணி வாங்குகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் போதவில்லை. விடை தெருமுனையில்தான் இருந்தது. மூன்று ஜீப் நின்ற இடத்தில் ஒன்றுதான் நிற்கிறது, அதிலும் ஏறுகிறவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஏறும்போது நின்று மூச்சு வாங்கிய ஓர் அக்காவிடம், “சின்னப் பிள்ளைக யாரும் வரலையாக்கா?” என்று கேட்டேன். “எங்க தம்பி வருதுக? என் மக நர்சு படிச்சிட்டு மதுரையில இருக்கா, மருமக திருப்பூர்ல. எங்களோட இந்தப் பொழப்பு முடிஞ்சுது” என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

அவர் மகள் ஜீப் ஏறாததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் காய் தானாக உதிர்ந்து சாக்கில் விழாது. ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் தோட்டத்துக்குள்ளேயே தங்கி வேலை செய்கிறார்கள். அவர்கள் மாலையில் மலையிறங்குவதில்லை. கூலியில் ஒரு பங்கு செல்போன் வழியே ஊருக்குப் போகிறது, மீதி மலைமேல் குமுளியிலும் நெடுங்கண்டத்திலும் செலவாகிறது. அங்குள்ள கடைகளில் இந்திப் பலகைகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஏலக்காய் விலை ஏறினால் தோட்ட முதலாளிக்கும் போடி வியாபாரிக்கும் காசு வரும், கம்பத்துப் பாத்திரக்கடைக்கு வராது. முதலாளியின் காசு பாத்திரமாக மாறாது. அது புறவழிச்சாலையோரத்தில் மனையாகவும் கல்யாண மண்டபமாகவும் மாறும். பேருந்தில் போகிறவர் அந்தக் கட்டடங்களைப் பார்த்து ஊர் வளர்ந்துவிட்டது என்கிறார். பத்திரப்பதிவை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான். மனையான வயலில் நாற்று நட்டவர்களுக்கும், மலைக்கூலியை நம்பி மளிகை கொடுத்தவர்களுக்கும் அந்த வளர்ச்சியில் இடம் எங்கே என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வியாபாரிகள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறவர்கள். இருபது ஆண்டாக என்னிடம் கணக்குப் பார்க்கும் ஜவுளிக்கடை அண்ணாச்சி போன வாரம் வந்து, குமுளியில் ஒரு கிளை போட்டால் கேரளத்தில் தனியாக ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டுமா என்று கேட்டார். எடுத்தே ஆக வேண்டும் என்றேன். மறுநாள் அவர் கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. இந்தி பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்.