11 பவுனும் ஒரு போலந்து ராணியும்

ஜூன் பிறந்தால் ரப்பர் மரத்துக்கும் எனக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்துவிடும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் எனக்கு ஒன்றரை ஏக்கர். மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழையிலும் பால்வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் செலவு கட்டாது. சோம்பலும் ஒரு காரணம், மறைப்பானேன். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பிப் பழகிய உடம்பு மழை என்று சொன்னால் கேட்பதில்லை. கண் விழித்துவிடும். கூரையில் சடசடவென்று கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு கட்டன் சாயா போட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்துவிடுவேன்.

திறந்தால் ஒன்றுதான்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999இல் வந்த கணினி விளையாட்டு, ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடுவது. நான் பொறியியல் படித்த காலத்தில் விடுதியில் மூன்று அறைகளுக்கு இடையே வயர் இழுத்து விடிய விடிய ஆடியிருக்கிறோம். இருபது வருடம் கழித்து அதைப் புதுப்பித்து, கூடுதல் பாகங்களும் விடுகிறார்கள். அதில் ஒன்று, 'டான் ஆஃப் தி டியூக்ஸ்', 2021 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. அந்தத் தேதி எனக்கு மறக்காது. குளச்சலில் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது 1741 ஆகஸ்ட் 10 என்று வெற்றித்தூண் பக்கத்தில் நின்று பாடம் படித்த மாவட்டம் இது. குளச்சலுக்கு அந்த விளையாட்டில் இடமில்லை. போலந்துக்கு இருக்கிறது. போகட்டும்.

அந்தப் பாகத்தில் ஒரு ராணியின் கேம்பெய்ன், அதாவது கதையாகத் தொடரும் ஆட்டம், உண்டு. எழுத்தைப் பார்த்து ஜாட்விகா என்றுதான் நான் முதலில் வாசித்தேன். போலந்துக்காரர்கள் யாத்விகா என்கிறார்கள். இந்த மழையில் அதைத்தான் முதலிலிருந்து மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை எனக்குப் பின்னால் பார்வையாளர் ஒருவர் இருந்தார்.

அம்மாவுக்கு மூட்டுவலி. மழை என்றால் காலைப் பூசைக்குப் போக முடியாது. ஐந்து மணிக்குச் செபமாலையை முடித்துவிட்டு, மரச்சீனிக்கிழங்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு என் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "அந்தப் பிள்ளை யார் மக்களே?" என்றார்.

"போலந்து ராணி அம்மா. புனிதை. 1997இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்."

"இறந்தது எப்போது?"

"1399."

அம்மா கழித்துப் பார்க்கவில்லை, நான்தான் சொன்னேன்: 598 வருடம். அம்மாவுக்கு ஒரு சின்னத் திருப்தி. நம் தேவசகாயம் 1752இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டார், 2022இல் பட்டம் கிடைத்துவிட்டது, 270 வருடம்தான். "நம்முடையவர் சீக்கிரம் ஆகிவிட்டார்," என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், போலந்துக்காரர்களின் பொருளாதாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. மற்ற நாடுகளுக்கு மில் இருக்கும் இடத்தில் இவர்களுக்கு ஃபோல்வார்க் என்று ஒரு பண்ணைவீடு. அதைச் சுற்றி வயல் போட்டால், விதைத்த உடனேயே விளைச்சலில் ஒரு பகுதி கைக்கு வந்துவிடுகிறது. நிஜப் பண்ணைகளில் அந்த விளைச்சல் யார் முதுகில் ஏறி வந்தது என்பதை விளையாட்டு பேசாது. அங்கே குடியானவர்கள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கக் கடமைப்பட்டவர்கள். இன்னொன்று, கல் வெட்டப் போகும் ஆள் கல்லோடு கொஞ்சம் தங்கமும் கொண்டுவந்து கொடுப்பான். அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "நம் ஊர்ப் பாறைமடையிலும் அப்படித்தானே," என்றார். "தங்கம் வரும். வெட்டுகிறவனுக்கு இல்லை, வெட்டச் சொல்கிறவனுக்கு."

துறவியை அனுப்பினால் எதிரிப் படைவீரன் பக்கத்தில் நின்று ஏதோ முனகுவார். சில நொடிகளில் அவன் சட்டை நிறம் மாறி நம் ஆளாகிவிடுவான். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஞானஸ்நானம் இவ்வளவுதானா? எங்களுக்கு நற்கருணைக்கே ஒரு வருடம் மறைக்கல்வி நடத்தினார்கள்."

குதிரைவீரர்களைத்தான் நான் அதிகம் நம்புவேன். சிறகு கட்டிய ஹுஸார்கள் திரையில் பாய்ந்து வருவது பார்க்க அழகு. யாத்விகா காலத்தில் அப்படி ஒரு படையே கிடையாது, அவர்களுடைய பெரும் புகழ் இரண்டு நூற்றாண்டு தள்ளித்தான். நைட் என்கிற கனத்த குதிரைவீரனுக்கு வழக்கமாக 60 உணவும் 75 தங்கமும் ஆகும். போலந்துக்காரர்கள் 'ஷ்லாக்தா சலுகை' என்ற ஒன்றை வாங்கிவிட்டால் தங்கத்தில் 60 சதவீதம் தள்ளுபடி, 30 போதும். ஷ்லாக்தா என்றால் அந்த ஊர்ப் பிரபுக்கள். விளையாட்டுக்காக இட்ட பெயர் என்று இத்தனை நாளும் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். இந்த முறை மின்சாரம் போய், வேறு வேலையில்லாமல் படித்தபோதுதான் அதன் பின்னால் ஒரு கதை இருப்பது தெரிந்தது.

யாத்விகாவின் அப்பா லாயோஷ், ஹங்கேரிக்கும் போலந்துக்கும் சேர்த்து ராஜா. ஆண் வாரிசு இல்லை. மகள்கள் மட்டும். பெண்ணைச் சிங்காசனத்தில் ஏற்றப் பிரபுக்கள் சம்மதிக்கவேண்டுமே. 1374இல் கொஷிட்ஸே என்ற ஊரில் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். பிரபுக்கள் செலுத்தவேண்டிய நிலவரி 'வான்' என்ற அந்த ஊர் நில அளவு ஒன்றுக்கு இரண்டு குரோஷ் காசு என்று சுருங்கியது. பதிலுக்கு, மகள்களில் ஒருத்தியை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். நான் தங்கத்தில் அனுபவித்த தள்ளுபடியின் பூர்வீகம் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஷ்லாக்தாவுக்குச் சலுகைகள் பிறகும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. தொடக்கங்களில் ஒன்று ஒரு பெண்ணுக்காக.

அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது அப்படியே: "எல்லோரும் மாப்பிள்ளைக்குச் சீதனம் கொடுப்பார்கள். இவன் ஊருக்கே கொடுத்திருக்கிறான்."

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்கத் தேவையில்லை. கல்யாணப் பேச்சு எங்கே தொடங்கினாலும் எத்தனை பவுன் என்பதில்தான் வந்து முட்டும். அதனால்தானோ என்னவோ, யாத்விகாவின் கதையில் அம்மாவுக்குப் போர் எதுவும் ஒட்டவில்லை. திரையில் நான் வாயில்கதவை உடைத்துக்கொண்டிருக்கும்போது, "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதா?" என்பார்.

ஆனது. அதற்குமுன் ஒரு நிச்சயம். 1378இல், அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது, ஆஸ்திரியாவின் வில்ஹெல்ம் என்ற சிறுவனோடு ஹைன்பர்க் ஊரில் சடங்கு நடந்தது. 1384 அக்டோபர் 16 அன்று கிராக்கோவில் முடிசூட்டினார்கள். ராணி என்றல்ல, ராஜா என்றே பட்டம். வயது பத்தோ பதினொன்றோ. அடுத்த வருடமே பிரபுக்கள் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்: லித்துவேனியாவின் பெருங்கோமகன் யோகைலா. அதுவரை ஞானஸ்நானம் பெறாதவன், அவளைவிடப் பல வயது மூத்தவன். கிரெவோ என்ற இடத்தில் எழுதிய உடன்படிக்கையில், பழைய நிச்சயம் முறிவதற்கு நஷ்டஈடாக வில்ஹெல்முக்கு இரண்டு லட்சம் பொற்காசு தருவதாக யோகைலா ஒப்புக்கொண்டான்.

"எழுதிக் கொடுத்தானா, எண்ணிக் கொடுத்தானா?" என்றார் அம்மா. எங்கள் குடும்பத்தில் எழுதிக் கொடுத்தே நின்றுபோன சில விஷயங்கள் உண்டு. நான் பேச்சை மாற்றினேன்.

மாற்ற நல்ல கதை ஒன்று இருந்தது. டுவுகோஷ் என்று பின்னால் வந்த ஒரு வரலாற்றாசிரியர் எழுதிவைத்தது. மாப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பார்த்துவர யாத்விகா தன் நம்பிக்கையான ஆள் ஒருவனை அனுப்பினாளாம், அன்பளிப்பு எதையும் கையில் வாங்கக்கூடாது என்ற கண்டிப்போடு. வந்தவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது யோகைலாவுக்குப் புரிந்துவிட்டது. அவனைக் குளிக்கும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய், நன்றாகப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டானாம். அம்மா சிரித்த சிரிப்பில் கிழங்கு ஒன்று உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. பெண் பார்க்கப் போவதையே அறுபது வருடமாகப் பார்த்து வந்தவர். மாப்பிள்ளை பார்த்த கதையை இரண்டு முறை சொல்ல வைத்தார்.

கோடாரிக் கதையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. வில்ஹெல்ம் கிராக்கோ வரைக்கும் வந்துவிட்டான். வாவெல் கோட்டைக்குள் அவனை விடவில்லை. அவனிடம் போவதற்காக அவள் கோடாரி எடுத்துக் கோட்டைக் கதவை வெட்டப் போனாள் என்றும், வயதான பிரபு ஒருவர் கெஞ்சித் தடுத்தார் என்றும் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் கோடாரி. 1386 பிப்ரவரி 15 அன்று யோகைலாவுக்கு ஞானஸ்நானம், 18 அன்று கல்யாணம். "தாலி கட்டும் இடத்துக்கு மாப்பிள்ளை வந்து சேராத கதை நம் கடற்கரையிலேயே இருக்கிறதே," என்றார் அம்மா. சுசீந்திரத்திலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை சேவல் கூவியதென்று பாதியில் திரும்பினார், குமரி அம்மன் கன்னியாகவே நின்றுவிட்டாள். கல்யாணச் சோற்றுக்கு வைத்திருந்த அரிசிதான் மணலாகக் கிடக்கிறது என்று எந்த மதத்துப் பிள்ளைக்கும் இங்கே சொல்லித்தான் வளர்ப்பார்கள்.

அடுத்த வருடம், 1387இல், இந்தப் பெண் ஒரு படையையே கூட்டிக்கொண்டு ருத்தேனியாவுக்குப் போயிருக்கிறாள். ஹங்கேரியின் கையிலிருந்த அந்தப் பகுதியைப் போலந்தோடு சேர்த்தாள். பெரிய சண்டைகூட நடக்கவில்லை. அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் அவளுடைய அம்மாவைச் சிறைவைத்த இடத்தில் கொன்றிருந்தார்கள். அன்று நான் ஆடிய ஆட்டத்தில் குதிரைகளை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டு ஊரைக் காவலில்லாமல் விட்டேன். எதிரி பின்பக்கமாகக் கல்லெறிபொறியோடு வந்து ஃபோல்வார்க்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இடித்தான். நாற்பது நிமிட ஆட்டம் மண். பதின்மூன்று வயதுப் பிள்ளை என்னைவிடப் பரவாயில்லை.

நகைக்கு வருகிறேன். கிராக்கோவில் ஒரு கார்மல் சபைக் கோயில் சுவரில் காலடி பதிந்த கல் இருக்கிறது. கட்டடம் பார்க்க வந்த ராணி, கொத்தன் ஒருவன் வறுமையில் அழுவதைக் கண்டு, காலணியிலிருந்த தங்கக் கொக்கியைப் பிடுங்கிக் கொடுத்தாளாம். கால் வைத்த கல்லில் தடம் பதிந்துவிட்டதாம். விவேகானந்தர் பாறையில் குமரி அம்மனின் ஸ்ரீபாதத்தை அம்மா பார்த்திருக்கிறார். "அவளுக்கு மூக்குத்தியாவது மிஞ்சியது," என்றார்.

யாத்விகாவுக்கு அதுவும் மிஞ்சவில்லை. 1399 ஜூன் 22 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் இருந்தது. நான்கு நாள் கழித்து, ஜூலை 17 அன்று, தாயும் போய்விட்டாள். சொந்த நகைகளைக் கிராக்கோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தாள். 1364இல் தொடங்கி நொடித்துப்போயிருந்த அந்தக் கல்விக்கூடம் 1400இல் மறுபடி திறந்தது. பின்னாளில் அவளுடைய கல்லறையைத் திறந்தபோது, கையில் பிடிக்கும் செங்கோலும் உருண்டையும் மரத்தில் செய்து பூச்சுப் பூசியவையாக இருந்தன.

"மரமா?"

"மரம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. என் அம்மாவின் கழுத்தில் கயிறு போன்ற ஒரு சங்கிலி மட்டும்தான். மற்ற 11 பவுன் 2000ஆம் வருடம், பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கட்டணமாக மாறியது. முதலில் அடகு, பிறகு ஏலத்துக்கு முன்தினம் விற்பனை. அங்கே நான் கற்றதில் இன்றுவரை தினமும் உபயோகப்படுவது இந்த விளையாட்டுதான். ரப்பர் வெட்ட அப்பா கற்றுத்தந்தார்.

"அந்தப் பிள்ளை நகை கொடுத்த கல்லூரி இப்போதும் நடக்கிறதா?"

"நடக்கிறது அம்மா. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸ் 1491இல் அங்கே சேர்ந்து படித்தார்."

"உன்னுடையது?"

அதை மூடி நான்கு வருடம் ஆகிறது. முன்கட்டடம் இப்போது கல்யாண மண்டபம். அம்மாவுக்கும் தெரியும், போன தை மாதம் அங்கே ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும்தான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நான் விளையாட்டை நிறுத்தினேன். வெளியே சத்தம் குறைந்திருந்தது.

"மழை விட்டிருக்கிறது," என்றார் அம்மா. "சிரட்டையை எல்லாம் கவிழ்த்து வைத்தாயா மக்களே, கொசு பிடிக்கும்."