சோம்பு மணக்கும் புட்டி

2025 ஆகஸ்ட் 30, சனி. சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

புரட்டாசி பிறக்க இன்னும் பதினெட்டு நாள். அதற்குள் எல்லாக் கஞ்சாப் புட்டிகளையும் பார்த்துவிட வேண்டும் என்று டர்பனின் இன்னொரு பக்கம், ஃபீனிக்ஸிலிருந்து அண்ணன் வந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் டோங்காட்டுக்குப் போயிருந்தார்கள். பின்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் எங்கள் கொல்லைச் செடி. டர்பன் பாய்சன் என்று உலகம் முழுவதும் பெயர் எடுத்த இனம். ஏப்ரலில் அறுத்து, நிழலில் உலர்த்தியது. மூடியைத் திருகியதும் சோம்பு வாசம். அதற்குப் பின்னால் மாங்காய்க் காம்பின் பால் போல ஒரு காரம். மொட்டை நசுக்கினேன். விரல் நுனியில் பிசின் ஒட்டியது, காம்பு சடக்கென்று ஒடிந்தது. வளைந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். இரண்டு இழுப்போடு நிறுத்திக்கொண்டோம். கண் கனக்கவில்லை, பேச்சு தடுமாறவில்லை. கரும்புத் தோட்டத்தில் தாத்தாவோடு வேலை செய்தவர்களின் பெயர்களை அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அடுத்த புட்டியிலிருந்த ஸ்வாசி கோல்ட் என்ற கஞ்சா இனம் கெட்டுப்போயிருந்தது. வெளியே பொன்னிறம், அழகு. பிளந்து பார்த்தால் நடுவில் சாம்பல் நிறப் பூசணம், ஈரச் சாக்கு நாற்றம். நம் கடற்கரைக் காற்றுக்கு இது புதிதல்ல. நன்றாக இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூசணத்தைப் புகைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொள்வதா? முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

இன்று இரண்டு. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் போண்டோலாந்து மலைச் சரிவில் விளைந்தது ஒன்று. விதை நிறைய, புகை கொஞ்சம் முரடு, ஆனால் மழை பெய்த மண்ணின் மணம் கடைசி வரை நின்றது. இன்னொன்று மருமகன் விளக்கொளியில் வளர்த்த கலப்பினம். கல்லைப் போல இறுகிய மொட்டு, வெள்ளை வெளேரென்று பிசின். வீரியம் அதிகம் என்று பெருமையாகச் சொன்னான். வீரியம் இருந்தது, வேறெதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. எதற்காக எழ நினைத்தேன் என்பதும் மறந்துவிட்டது. போதை தரும் டிஎச்சியின் சதவீதத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்வது, மிளகாயின் உறைப்பை மட்டும் பார்த்துக் குழம்பை மெச்சுவதற்குச் சமம்.

வீட்டில் வளர்க்கலாம், விற்கக் கூடாது என்பது சட்டம். மருமகன் தன் வீட்டில் விளக்குப் போட்டு வளர்த்துக்கொள்கிறான். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் பயிரிட்டவர்களுக்கு நேர்வழியில் விற்க இன்னும் இடமில்லை. அந்த விதை அழிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

செப்டம்பர் 13, சனி

ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின். எங்கள் செடியின் உதிரி இலைகளையே அண்ணன் மெல்லிய பட்டுத்துணியில் சலித்திருந்தார். இமயமலைச் சரஸ் பச்சைச் செடியைக் கையால் தேய்த்து எடுப்பது. இது காய்ந்ததைச் சலித்து எடுத்தது. உள்ளங்கைச் சூட்டில் அழுத்த அழுத்த, மணல் நிறத் தூள் பழுப்புக் களியானது. தீயருகே காட்டினேன். நெய் போலக் கொப்பளித்து உருகியது; கரிந்த தூசி மிகக் குறைவு. சுத்தமான சரக்கு. துவரம்பருப்பில் பாதிதான் எடுத்தேன். முட்டிவலி அடங்கியது, நெஞ்சு மட்டும் படபடத்தது. சோம்பு வாசம் மங்கி மிளகு வாசம் ஏறியிருந்தது. வேலையில் குறை இல்லை. ஆனால் எனக்குப் பூவே போதும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளை புரட்டாசி. மனைவி கறிச்சட்டிகளைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டாள். நானும் புட்டிகளைக் கட்டி மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

நாளை மறுநாள், செப்டம்பர் 18, பெரியவர்கள் தனிப்பட்ட முறையில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமல்ல என்று 2018-இல் அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள். 1860-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே, அன்றைய நேட்டாலுக்கு, வந்தது. பத்தே வருடத்தில், 1870-இல், 'கூலிகள்' கஞ்சா புகைக்கவும் வைத்திருக்கவும் கூடாது என்று நேட்டால் அரசு சட்டம் போட்டது. எங்கள் பெயரைக் குறித்துப் போட்ட தடை அது. தாத்தா காலத்தில் விதையைக் கோழிக்கூண்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார்களாம்.

"விதையை என்ன செய்யப் போகிறாய் தம்பி?" என்று இரவு அண்ணன் போனில் கேட்டார். நாற்பது விதைகளைப் பொறுக்கி, அரிசியோடு மஞ்சள் டப்பாவில் போட்டு மூடியாகிவிட்டது என்றேன். ஃபீனிக்ஸுக்குப் பாதி வேண்டுமாம். இன்னொரு டப்பா தேடிக்கொண்டிருக்கிறேன்.