சுண்டுவிரல் மரக்குதா சாரே?

குலசேகரம் பக்கம் எங்களுக்கு இருநூறு மூடு ரப்பர் மரம் இருக்கிறது. ஆளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால், பள்ளிக்கூடம் போகும் முன் நானே பால் வெட்டிவிடுவேன். ஒன்றுவிட்ட நாள் வெட்டு. விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும்.

போன கார்த்திகையில் வலது கை மரக்க ஆரம்பித்தது. முதலில் பைக் ஓட்டும்போது, பிறகு ராத்திரியிலும். இரண்டு மணிக்கு எரிச்சலோடு முழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து, ஈரக்கையை உதறுவதுபோல நாலு உதறு உதறினால் அடங்கும். சில நாள் தோள்வரைக்கும் கடுப்பு ஏறும். இந்தத் தோள் கடுப்புதான் எல்லாரையும் ஏமாற்றியது.

முதலில் போன இடத்தில் கழுத்துக்கு ஸ்கேன் எழுதினார்கள். ரிப்போர்ட்டில் சி5-சி6 டிஸ்க் பல்ஜ், அதாவது கழுத்தெலும்பு இரண்டுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறதாம். அதைப் படித்த பிறகு எனக்குக் கழுத்தும் வலிக்கத் தொடங்கியது, சத்தியமாக. கழுத்துக்குக் காலர், கழுத்தை இழுத்துப் பிடிக்கும் ட்ராக்‌ஷன் என்று மூன்று மாதம் போனது. நடுவில் அம்மாவின் பேச்சைக் கேட்டு நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போய்த் தைலம் போட்டுத் தடவினேன். நம்ம ஊரில் ஆசானைப் பார்க்காமல் எந்த வலிதான் தீர்ந்திருக்கிறது! தோளுக்கு நல்ல இதம். மரப்பு அப்படியே இருந்தது.

தை கடைசியில் மரப்பு பாதியாகக் குறைந்தது. ட்ராக்‌ஷன் வேலை செய்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்திரையில் பழையபடி வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் மார்த்தாண்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். ஸ்கேன் கவரை நீட்டினேன். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"இத பெறவு பாப்போம் சாரே. எந்த விரலு மரக்குது?"

"எல்லாந்தான் மக்கா."

"சுண்டுவிரலும் மரக்குதா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காகிதத்தில் என் கையை வைத்து வரைந்து கொடுத்து, ராத்திரி மரக்கும்போது ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்து அடையாளம் போட்டு வரச் சொன்னார். மூன்று ராத்திரி போட்டேன். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி. சுண்டுவிரலில் ஒரு புள்ளிகூட இல்லை.

படத்தைப் பார்த்ததும் முடிவு சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கழுத்து நரம்பு நெரிந்தாலும் பெருவிரல் மரக்கலாமாம். தலையைப் பின்னால் சாய்த்து, வலப்பக்கம் திருப்பி, உச்சியில் மெல்ல அமுக்கினார். கையில் ஒன்றும் ஏறவில்லை. சின்னச் சுத்தியலால் இரண்டு முழங்கையிலும் தட்டினார். இரண்டும் ஒரேபோலத் துள்ளின. கழுத்துமேல் இருந்த சந்தேகம் குறைந்தது.

பிறகு கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். சுட்டுவிரல் நுனியில் துணி மூடியதுபோல மங்கல். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கை மேட்டில் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அங்கேதான் அவர் முகம் மாறியது. நான் அடையாளம் போட்ட விரல்களுக்குப் போகும் நரம்பு (சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு) மணிக்கட்டில் ஒரு இடுக்குக்குள் நுழைந்து போகிறதாம். அந்த மேட்டுக்கான கிளை அதற்கு முன்னாலேயே பிரிந்து வெளியே போய்விடுமாம். மேடு தப்பி விரல் மட்டும் மங்கினால் நெரிசல் அந்த இடுக்கில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார். அரை நிமிடத்திலேயே பெருவிரல் சுருசுருவென்றது.

"காலம்ப என்ன வேல சாரே?"

பேனாவைக் கத்தியாகப் பிடித்து வெட்டிக் காட்டினேன். மணிக்கட்டு மடங்கி, பிடி இறுகி, மரத்துக்கு மரம் அப்படி. தை மாசம் வெட்டினீர்களா என்று கேட்டார். இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தியிருந்த காலம் அது! ட்ராக்‌ஷனுக்குக் கொடுத்த பேரையெல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சர்க்கரை, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். அவற்றாலும் இது வருமாம். இரண்டும் சரியாக இருந்தன. நாகர்கோவிலில் எடுத்த நரம்பு டெஸ்டும் மணிக்கட்டைத்தான் காட்டியது. அந்த இடுக்குக்குப் பேர் கார்பல் டனல்.

கடைசியில்தான் கவரைத் திறந்தார். "பொய் இல்ல சாரே, பல்ஜ் இருக்கு." 2015ல் வந்த ஒரு ஜப்பான் ஆய்வைச் சொன்னார்: எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை ஸ்கேன் எடுத்ததில் 87.6 சதவீதம் பேருக்குப் பல்ஜ். இருபது வயசுப் பிள்ளைகளிலும் முக்கால்வாசிப் பேருக்கு இருந்ததாம்.

ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஆறு வாரம். கத்திப்பிடி தடிக்க சைக்கிள் டியூப் சுற்றினேன். பாதி மரத்துக்கு ஆள் வைத்தேன். காசு போனது வேறு கதை. மூன்றாம் வாரத்திலிருந்து ராத்திரி முழுத் தூக்கம்.

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரைச் சுற்றும்போது மட்டும் இன்னும் சுட்டுவிரல் லேசாக மரக்கிறது. பெருவிரல் மேட்டுச் சதை வற்றினால் காத்திருக்காமல் சர்ஜனிடம் போகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு உள்ளங்கையையும் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். இதுவரை இரண்டும் ஒரே உயரம்தான்.