தலைக்கு எழுதிய டிரெட்மில் டெஸ்ட்டும் நெஞ்சில் ஒட்டிய ஒயர்களும்

சி.டி. ஸ்கேன் நார்மல். “கன்கஷன்தான் (அடிபட்டதில் மூளை குலுங்கியிருக்கிறது), ரெஸ்ட் எடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தனுஷ்கோடி ரோட்டில் காற்று வாரிப் போட்ட மணலில் பைக் சறுக்கி விழுந்தவன் நான். வீட்டில் ஜன்னலைச் சாத்தி, வாரக்கணக்கில் படுக்க வைத்துவிட்டார்கள். தலைவலி போகவில்லை, எழுந்தாலே கிறுகிறுப்பு, போதாக்குறைக்குத் தூக்கமும் கெட்டது.

மதுரையில் பார்த்த நரம்பியல் டாக்டர் திட்டினார். முழு ஓய்வெல்லாம் பழைய கதையாம். முதல் ஒன்றிரண்டு நாள் அடங்கி இருந்தால் போதும், அப்புறம் மெல்ல நடக்க வேண்டும். விளையாட்டில் தலையில் அடிபடுகிறவர்களுக்காக 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாடித்துடிப்பில் வலி ஏறுகிறது என்று பார்க்க டிரெட்மில் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

கூத்து அங்கேதான் ஆரம்பம். ராமநாதபுரத்தில் ஒரு சென்டரில் சீட்டைப் பார்த்த பெண், “நெஞ்சுவலி எப்போலேர்ந்து சார்?” என்றார்.

“நெஞ்சு இல்லைம்மா, தலை.”

“டிரெட்மில்னா டி.எம்.டி.தான் சார். பணம் கட்டிட்டு வாங்க.”

நெஞ்சில் ஒயர் ஒட்டி ஏற்றிவிட்டார்கள். இதயத்துக்கான அந்த டெஸ்டில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் சேர்ந்தே கூடும். எனக்கு வேண்டியதில் முதல் 15 நிமிடம் வேகம் மாறாது, நிமிடத்துக்கு 1 சதவீதம் ஏற்றம் மட்டும் கூடும்; தலைவலி பத்துக்கு எத்தனை என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வர, நானே நிறுத்தச் சொன்னேன். ரிப்போர்ட்டில் இதயம் நன்றாக இருப்பதாகப் போட்டிருந்தது. ரொம்ப சந்தோஷம்!

சீட்டில் ‘பஃபலோ கன்கஷன் டிரெட்மில் டெஸ்ட்’ என்று முழுப் பெயரும் எழுதி வாங்குங்கள். அதைத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மதுரையில் ஒரு பிசியோவிடம் சிக்கலில்லாமல் முடிந்தது. நாடித்துடிப்பு 130-இல் வலி ஏறியது. அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 104-லிருந்து 117-க்குள் துடிப்பு இருக்கும்படி தினம் 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும்.

கடற்கரையில்தான் இருக்கிறோமே, நடந்தால் போச்சு என்று தோன்றும். மணலில் கால் புதையப் புதையத் துடிப்பு எகிறும், தள்ளாடுகிற ஆள் விழுந்தும் வைப்பான். எங்கள் மண்டபம் ஊர் வெயிலே துடிப்பை ஏற்றிவிடும். மச்சான் வீட்டில் கைலி காயப்போட்டிருந்த எக்சர்சைஸ் சைக்கிளைத் தூக்கி வந்தேன். அதில் தலையும் அவ்வளவாக ஆடாது. வாட்ச் இல்லாவிட்டால் 15 விநாடி நாடி எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்ளலாம்.

வலி இரண்டு புள்ளி வரை ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் பயமில்லை. அதைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் குறைத்து மிதிக்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு மிதி என்கிற ஜிம் அறிவுரை இதற்கு ஆகாது. அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் வலி, பேச்சுக் குழறல், வலிப்பு என்றால் சைக்கிளாவது ஒன்றாவது, நேரே கேஷுவாலிட்டிக்குப் போங்கள்.

திரும்ப எடுத்த டெஸ்டில் 150 தாண்டியும் வலி ஏறவில்லை. மச்சான் சைக்கிளைக் கேட்டு ஆள் அனுப்புகிறார். கைலிக்குக் கொடி கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.